பிரிட்டனிலிருந்து கிரையோனிக்ஸ் ஏற்பாடு: கேள்வி பதில்

கேள்வி (குரோய்டன்): பின்னாளில் உயிர்ப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் இறந்தவர் உடலைக் கடுங்குளிரில் பாதுகாப்பதுதான் கிரையோனிக்ஸ். அதற்கான சேமிப்பகங்கள் பெரும்பாலும் அமெரிக்காவில் இருக்கின்றன. உடல் விமானத்தில் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் கெட்டுவிடாதா?

பதில்: விமானப் பயணத்தை நினைத்துக் கலங்காதீர்கள். இதயம் நின்றபின் வரும் முதல் சில மணி நேரம்தான் ஆபத்து. இரத்தம் கட்டி நுண்குழாய்கள் அடைபட்டால், திசுவில் பனிப்படிகம் உருவாகாமல் தடுக்கப் பிறகு ஏற்றும் உறைதடுப்புக் கரைசல் மூளைக்குள் பரவாது. ஆகவே மருத்துவர் இறப்பை அறிவித்த கையோடு மார்பு அழுத்தம், ஹெப்பாரின் (இரத்தம் கட்டாமல் தடுக்கும் மருந்து), குளிர்விப்பு மூன்றும் தொடங்க வேண்டும். கையில் ஏற்கெனவே போட்ட ஊசிக்குழாயைக் கழற்ற விடாதீர்கள், மருந்து போக அதுவே வழி. மார்பை அழுத்தாமல் ஹெப்பாரின் மட்டும் செலுத்தினால் அது கையிலேயே தங்கிவிடும்.

கரைசல் ஏற்றுவதை இங்கேயே செய்யலாம். கிரையோனிக்ஸ் யூகே என்ற தன்னார்வக் குழு அதற்காகவே இருக்கிறது. பின்பு உலர்பனியில் (திடமாக உறைந்த கரியமில வாயு) மைனஸ் 78 டிகிரிக்கு இறக்கினால் சில நாள் காத்திருக்கலாம். அமெரிக்காவில் மிச்சிகனிலோ அரிசோனாவிலோ உள்ள சேமிப்பகத்தில் திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரிக்குக் கொண்டுபோவார்கள்.

கேள்வி (லெஸ்டர்): அப்பா ஹாஸ்பிஸில் (இறுதிக்கால நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம்) இருக்கிறார். குழு வரும்வரை பிணவறைக் குளிர்பெட்டியில் வைத்தால் போதுமா?

பதில்: போதாது. அது காற்றால் குளிர்விப்பது. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மடக்கக்கூடிய தொட்டி ஒன்று, 100 கிலோவுக்குக் குறையாத பனிக்கட்டி, அதோடு தண்ணீர் வேண்டும். சிறிய நீர்மூழ்கிப் பம்பு ஒன்றை வைத்துக் குளிர்நீரைத் தலைமீது இடைவிடாமல் ஊற்றுங்கள். பனிப்பைகளை மட்டும் அடுக்கினால் அவை தொட்ட இடம்தான் குளிரும். கழுத்து, அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் பனி நன்றாகப் படியட்டும். மைனஸ் 20 டிகிரி உறைபெட்டியில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள்: திசுவில் பனிப்படிகம் வளர்ந்துவிட்டால் அதன்பின் கரைசல் ஏற்ற முடியாது. பனிநீர் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அதனால் அந்தப் பயம் இல்லை. தொட்டி உள்ளே வர அனுமதி உண்டா என்று ஹாஸ்பிஸ் மேலாளரிடம் இன்றே கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கேள்வி (லீட்ஸ்): திடீர் மரணம் என்றால்?

பதில்: கொரோனர் (இத்தகைய மரணங்களை விசாரிக்கும் அதிகாரி) தலையிடுவார். பிரேதப் பரிசோதனையில் மூளையை வெட்டினால் நம் முயற்சிக்கு அதைவிடப் பெரிய சேதம் இல்லை. உடலை அறுக்காத சி.டி. ஸ்கேன் பரிசோதனை சில ஊர்களில் கட்டணத்துக்குக் கிடைக்கிறது. அதைக் கேட்டு உடனே எழுதுங்கள். முடிவு கொரோனருடையதே.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): வீட்டில் எதிர்ப்பு. உயிலில் எழுதினால் போதாதா?

பதில்: இங்கிலாந்தில் உங்கள் உடலைப் பற்றிய உங்கள் விருப்பம் சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. உயிலை நிறைவேற்றுபவரே உடலுக்குப் பொறுப்பு. எனவே இதை மனதார ஏற்பவரையே அந்தப் பொறுப்புக்கு நியமியுங்கள். உயில் எழுதும் வயது வராத 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் விஷயத்தில் பெற்றோர் முரண்பட்டதால் 2016-ல் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. முடிவெடுக்கும் உரிமை தாய்க்குக் கிடைத்தது. இதுவரை எவரும் உயிர்ப்பிக்கப்படவில்லை என்பதையும் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். பொய்யான நம்பிக்கையில் சம்மதித்தவர்கள் கடைசி நாளில் பின்வாங்குவார்கள்.

கேள்வி (ஹாரோ): செலவு?

பதில்: மிச்சிகன் கிரையோனிக்ஸ் இன்ஸ்டிடியூட்டில் ஆயுள் உறுப்பினருக்கு 28,000 டாலர், ஆண்டுச் சந்தா கட்டுபவருக்கு 35,000 டாலர். இங்குள்ள குழு, பெட்டி, விமானம் இவற்றின் செலவு அதில் சேராது. பலரும் ஆயுள் காப்பீட்டில்தான் கட்டுகிறார்கள். பவுண்டில் பாலிசி எடுப்பவர்கள், டாலர் விலை ஏறும் என்று கணக்கிட்டுக் கூடுதலாக எடுங்கள்.

கேள்வி (லூட்டன்): உடலை அனுப்பும்போது எங்கே சிக்கும்?

பதில்: ஆவண வேலையில். இங்கிலாந்திலிருந்து உடலை வெளியே கொண்டுபோகக் கொரோனருக்கு அறிவிக்க வேண்டும். அவர் முன்கூட்டி விடுவிக்காவிட்டால் நான்கு முழு நாள் காத்திருக்க வேண்டும். அந்த நாள்களில் பெட்டியில் உலர்பனி தீராமல் நிரப்ப ஆள் வேண்டும். கரியமில வாயு தேங்காதபடி அறையைத் திறந்து வையுங்கள். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினால் வாயு அழுத்தத்தில் வெடித்துவிடும், எனவே துளை அவசியம். வெளியே யு.என். 1845 என்ற, உலர்பனிக்கான சர்வதேச ஆபத்துப் பொருள் குறியும் உலர்பனியின் எடையும் இருக்க வேண்டும். எம்பாமிங் (கெடாமலிருக்க உடலில் இரசாயனம் ஏற்றுவது) செய்யாத உடலை ஏற்கும் விமான நிறுவனம் எது என்று இறுதிச்சடங்கு நிறுவனத்தாரை இப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தயங்கினால் வேறு நிறுவனத்தைப் பாருங்கள்.