அது அவர்கள் வீட்டு விவகாரமா?

கேள்வி: ஒரு கட்சி தன் தலைவரை எப்படித் தேர்ந்தெடுத்தால் நமக்கென்ன? அது அவர்களின் உள்விவகாரம்தானே? (வாசகர், கும்பகோணம்)

பதில்: இல்லை, நம் விவகாரம்தான். இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி தேர்தல் அதிகாரிக்குத் தரும் ஏ, பி படிவங்களில் கையெழுத்துப் போடும் அதிகாரம் கட்சியில் யாரிடம் இருக்கிறதோ, அவர் கைகாட்டும் ஆள்தான் சின்னத்தோடு உங்கள் தொகுதிக்கு வருவார். ஜெயித்த பிறகும் அந்த ஆள் தலைமை முன் கை கட்டித்தான் இருக்க வேண்டும். சபையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கொறடா போடும் உத்தரவை மீறி வாக்களித்தால் 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியே போகலாம். அப்படியானால் தலைமையைத் தேர்ந்தெடுப்பது யார் என்ற கேள்வி உங்களையும் என்னையும் நேராகத் தொடுகிறதா இல்லையா?

அதிமுகவையே எடுத்துக்கொள்ளுங்கள். பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்கள் எல்லோரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது எம்.ஜி.ஆர். காலத்து விதி. அருமையான விதி! கிளையில் கொடி கட்டுகிறவருக்கும் ஒரு ஓட்டு, முன்னாள் அமைச்சருக்கும் ஒரு ஓட்டு. 2022 ஜூலையில் வானகரத்தில் கூடிய பொதுக்குழு என்ன செய்தது? போட்டியிட வேண்டுமானால் 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், இன்னொரு 10 பேர் வழிமொழிய வேண்டும், தலைமைக் கழகப் பொறுப்பில் 5 ஆண்டு இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. அப்புறம் தொண்டனுக்கு ஓட்டு இருந்து என்ன பயன், மனுவே போட முடியாதபோது? 2023 மார்ச்சில் பழனிசாமி போட்டியின்றித் தேர்வானார். திமுகவிலும் 2018, 2022 இரண்டு முறையும் ஸ்டாலின் போட்டியின்றித்தான் தலைவரானார்.

காங்கிரஸில் 2022-இல் நிஜமாகவே போட்டி நடந்தது, கார்கேவுக்கு 7,897 வாக்கு, சசி தரூருக்கு 1,072. அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அங்கும் ஓட்டுப் போட்டவர்கள் பிரதிநிதிகள்தான், சாதாரண உறுப்பினர்கள் இல்லை.

சரி, தேர்தல் ஆணையம் தட்டிக் கேட்காதா? கட்சியைப் பதிவு செய்யும் அதிகாரம் அதற்கு உண்டு, ஆனால் விதிமீறலுக்காகப் பதிவை ரத்து செய்யும் அதிகாரம், மோசடி செய்து பதிவு வாங்கியது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, கிடையாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெர்மனியில் கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயக முறைப்படி இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. இங்கே 1999-லேயே சட்ட ஆணையம் தன் 170-வது அறிக்கையில் உள்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கச் சொன்னது, அதற்குப் பிறகு வந்த எந்த ஆட்சியும் செய்யவில்லை. அடுத்த முறை உங்கள் வீட்டு வாசலுக்கு வேட்பாளர் வரும்போது, கட்சிக்குள் எத்தனை பேர் ஓட்டுப் போட்டு உங்களை நிறுத்தினார்கள் என்று கேளுங்கள், பதில் வரும்வரை விடாதீர்கள்.