நடந்ததா என்ற கேள்வி – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கொஞ்ச காலமாக நாவலும் தன்வரலாறுமாக மாற்றி மாற்றி வாசித்து வருகிறேன். முடித்ததும் ஒரு நோட்டில் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுவைப்பது என் வழக்கம். சிலவற்றை உங்களிடம் சொல்லத் தோன்றியது.

உ.வே.சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’: ஒன்பது. தமிழுக்காக ஒரு மனிதர் இப்படியும் அலைவாரா என்று மலைத்துப்போனேன். ஆனால் முன்பாதியில் எந்த ஊருக்குப் போனார்கள், யார் வீட்டில் சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் கொஞ்சம் அதிகம். பாமாவின் ‘கருக்கு’: பத்து. இரண்டு இடங்களில் மேலே வாசிக்க முடியாமல் புத்தகத்தை மூடிவைத்தேன். அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’: ஐந்து. எல்லோரும் புகழ்கிறார்களே என்று எடுத்தேன். பையன் கிரிக்கெட் ஆடுகிறான், காலேஜுக்குப் போகிறான், வருகிறான். கடைசிப் பக்கங்களைத் தவிர ஒன்றுமே நடக்கவில்லை. ப.சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’: ஆறு. இந்தோனேசியாவின் மெடான் நகரக் காட்சிகள் பிரமாதம். குடித்துக்கொண்டே பேசும் பேச்சுகளைத்தான் தாங்க முடியவில்லை.

பட்டியலைப் பார்த்தபோது எனக்கே ஒன்று தெரிந்தது. தன்வரலாறுகளுக்கு அள்ளிப் போட்டிருக்கிறேன், நாவல்களுக்குக் கிள்ளிப் போட்டிருக்கிறேன். நடந்த கதை என்று தெரிந்தால்தான் மனம் ஒன்றுகிறது. ‘கருக்கு’ சொல்லும் அதே ஊரை யாராவது நாவலாக எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு தைத்திருக்காது. நான் கற்பனைக் கதைகளைத் தாண்டி வந்துவிட்டேனா, இல்லை என் வாசிப்பில் ஏதும் கோளாறா?

அன்புடன்,
ம.

*

அன்புள்ள ம.,

கோளாறு என்று சொல்ல மாட்டேன். வயது ஏற ஏற நாவலை விட்டுத் தன்வரலாற்றின் பக்கம் நகர்ந்தவர்களை எனக்கே நிறையத் தெரியும். தாண்டி வந்துவிட்டீர்களா என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

‘கருக்கு’ சொல்லும் அதே ஊரை யாராவது நாவலாக எழுதியிருந்தால் என்கிறீர்கள். எழுதியிருக்கிறார், பாமாவின் அண்ணன் ராஜ் கௌதமன். பண்பாட்டு ஆய்வாளராகவே பலருக்கும் தெரிந்தவர், 2024இல் காலமானார். ‘கருக்கு’ வந்தது 1992இல். அவருடைய ‘சிலுவைராஜ் சரித்திரம்’ பத்து ஆண்டு கழித்து, 2002இல் வந்தது. விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டிதான் இரண்டுக்கும் ஊர். ஒரே தலித் கிறித்தவ வீட்டில் வளர்ந்த இருவரில் தங்கை தன்வரலாறாக எழுத, அண்ணன் நாவலாக எழுதியிருக்கிறார். உங்கள் கேள்வியைச் சோதித்துப் பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு தமிழில் இருப்பதாகத் தெரியவில்லை.

‘கருக்கில்’ ஒரு காட்சி உண்டு. பள்ளிவிட்டு வரும் சிறுமி, தங்கள் தெருப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தின் மேல் கைபடாமல், கட்டியிருக்கும் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கிறாள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்கிறாள். அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பொட்டலம் யாருக்குப் போகிறது, அவர் ஏன் அதைத் தொடக்கூடாது என்பதை அவன்தான் அவளுக்கு விளக்குகிறான். அந்த அண்ணனை ராஜ் கௌதமனாக வைத்தே நான் வாசிக்கிறேன். தங்கையின் புத்தகத்தில் அவன் விவரம் தெரிந்தவன். படித்துவிட்டால் இந்த இழிவை உதறலாம் என்று வழிகாட்டுகிறவன்.

அண்ணனின் நாவலுக்குள் போனால் அந்த வழிகாட்டியைத் தேட வேண்டியிருக்கிறது. அங்கே இருப்பவன் சிலுவை. பயப்படுகிறான், ஆசைப்படுகிறான், அசடு வழிகிறான். படித்துப் பட்டம் வாங்கிய பிறகும் வேலைக்காக நாயாய் அலைகிறான். 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி கிறித்தவர்களுக்கு அந்த இடஒதுக்கீடு கிடையாது. கடைசியில் சிலுவை வேலைக்காக இந்துவாக மாறுகிறான். வேறு யாராக இருந்தாலும் நம் கண்ணீரைக் குறிவைத்து எழுதியிருப்பார்கள். ராஜ் கௌதமன் கேலியாகத்தான் எழுதுகிறார். சர்ச், சர்க்கார், சிலுவை என்று ஒருவரையும் அந்தக் கேலி விட்டுவைப்பதில்லை. வாசிக்கிற நமக்குத்தான் சிரிப்பதா வேண்டாமா என்று புரியாமல் போகிறது.

இந்தக் கேலி பாமாவுக்கு வராது என்பதல்ல. ‘கருக்கிலேயே’ கிண்டல் இருக்கிறது. ஆனால் அவருடைய ‘நான்’ எப்போது வேண்டுமானாலும் ‘நாங்க’ ஆகிவிடும், அந்த நூலின் பலமே அதுதான். ஒரு தெருவையே தோளில் ஏற்றிக்கொண்டு பேசுகிற குரல், தன்னுடைய அற்பத்தனங்களை நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அப்படிப் பொறுப்போடு எழுதியும் புத்தகம் வந்தபின் ஊர்க்காரர்கள் கோபப்பட்டதையும், சில மாதங்கள் ஊருக்குள் போக முடியாமல் இருந்ததையும் பாமா பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். தன்வரலாறு எழுதுகிறவருக்கு இந்தக் கணக்கு எப்போதும் உண்டு. உயிரோடு இருப்பவர்கள் வாசிப்பார்கள், செத்துப்போனவர்களின் பிள்ளைகள் வாசிப்பார்கள். சிலுவைராஜ் என்று ஒரு பெயரைச் சூட்டிக்கொண்டதால் ராஜ் கௌதமன் தப்பித்துக்கொண்டார் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெயருக்குப் பின்னால் நின்றுகொண்டுதான் அவரால் தன் மேலேயே அத்தனை இரக்கமில்லாமல் நடந்துகொள்ள முடிந்தது.

‘என் சரித்திரம்’ பற்றி நீங்கள் சொன்னதோடு எனக்குச் சண்டை இருக்கிறது. சாப்பாட்டுக் கணக்கு அதிகம் என்கிறீர்கள். எனக்கோ அந்தப் புத்தகத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் தமிழ்ப் புலவன் எப்படிப் பிழைத்தான், எந்த மிராசுதார் அரிசி அளந்தார், எந்த மடம் சோறு போட்டது, யாரிடம் கடன் பட்டான் என்பதை வேறு எந்த வரலாற்று நூல் இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறது? 1880இல் கும்பகோணத்தில் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார் சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட காட்சியை எல்லோரும் மேடையில் சொல்லியாயிற்று. எனக்கு அதைவிட முன்பாதிதான் பிடிக்கும்.

அந்த முன்பாதியில்தான் நான் சொல்ல வருவதற்கான சாட்சியும் இருக்கிறது. உ.வே.சா.வின் தந்தை சங்கீத வித்துவான், கனம் கிருஷ்ணையரின் சீடர். மகனுக்கும் சங்கீதம் வர வேண்டும் என்பது அவர் ஆசை. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் படிக்கும்போதே, அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பையன் பாட்டும் கற்றுக்கொள்கிறான். நந்தனார் சரித்திரம் எழுதிய அதே பாரதியார்தான். விஷயம் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்குத் தெரிகிறது. சங்கீதத்தில் மனம் போனால் தமிழ்ப் படிப்பு கெடும் என்பது அவர் கட்சி. பாட்டு நின்றுபோகிறது.

அவ்வளவுதான். உ.வே.சா. அதைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். தந்தை ஒரு பக்கம், இரண்டு குருமார்கள் இரண்டு பக்கம், நடுவில் பதினாறு பதினேழு வயதுப் பையன். ஒரு நாவலாசிரியர் கையில் கிடைத்திருந்தால் இதிலேயே நூறு பக்கம் போயிருக்கும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை இறந்தது 1876இல். மாணவர் எண்பத்தைந்தாவது வயதில், 1940இல், ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்குகிறார். இத்தனை ஆண்டு கழித்தும் அந்த விஷயத்தில் குரு மேல் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. 1942இல் அவர் மறையும்வரை தொடர் முடியவில்லை, முடிந்திருந்தாலும் அந்த முணுமுணுப்பு வந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை, நடந்தது நடந்தபடியே இருக்கிறது. அந்த இடத்தில் பையனுக்கு எப்படி இருந்தது என்பதற்கு மட்டும் குருபக்தி இடம் தரவில்லை.

இனி உங்கள் ஐந்து மதிப்பெண்ணுக்கு வருகிறேன். அசோகமித்திரன் 1931இல் செகந்தராபாதில் பிறந்தவர். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, அப்பா இறந்தபின் குடும்பம் சென்னைக்கு வருகிறது. நாவலின் சந்திரசேகரனும் செகந்தராபாத் ரயில்வே ஊழியரின் மகன்தான். நிஜாம் ராஜ்யம் இந்தியாவோடு சேருமா சேராதா என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த நாட்களில் அந்த வயதுப் பையனின் கவலை என்னவாக இருக்கும்? கிரிக்கெட்தான். நடந்ததா என்பதுதான் உங்கள் அளவுகோல் என்றால், இந்த நாவலுக்கு எட்டாவது போட்டிருக்க வேண்டும். அட்டையில் நாவல் என்று இருந்ததால் ஐந்தில் நின்றுவிட்டது. ஆக, நீங்கள் மதிப்பெண் போட்டது உண்மைக்கு இல்லை, உண்மை என்று முன்கூட்டியே கிடைத்த உத்தரவாதத்துக்கு. கோபித்துக்கொள்ள வேண்டாம், நம்மில் பலரும் அப்படித்தான்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? அந்த நாவல் ஓரிடத்தில் ‘நான்’ என்று பேசும், இன்னோரிடத்தில் ‘அவன்’ என்று தள்ளி நின்று பேசும். ஒரே புத்தகத்துக்குள் இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்க்கிறார். கடைசியில், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்தபின் நடக்கும் கலவரத்தில், ஒரு முஸ்லிம் வீட்டுக்குள் சந்திரசேகரன் எதிர்பாராமல் போய் நிற்கும் காட்சி. தன் குடும்பத்தைக் காப்பாற்ற அந்த வீட்டுச் சிறுபெண் ஒருத்தி செய்யத் துணிவதைக் கண்டு அவன் ஓடுகிறான். இது தன்வரலாறாக இருந்திருந்தால் நாம் உடனே எழுதியவர் பக்கம் திரும்பி, உங்களுக்கு நடந்ததா, பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று விசாரிக்க ஆரம்பித்திருப்போம். நாவல் அந்த விசாரணைக்கு வழிவிடவில்லை. அவனோடு நாமும் ஓட வேண்டியதுதான்.

சிங்காரத்துக்கு நீங்கள் போட்ட ஆறு போகட்டும். அந்தக் குடிப் பேச்சுகளில் பாதியை நானும் தாண்டித்தான் போவேன், மீதிப் பாதி தமிழ்ப் பெருமிதத்தின் மீது தமிழில் வந்த ஆகச் சிறந்த கேலி. வாலிபத்தில் மெடான் போய் வேலை பார்த்து, யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்து, மதுரையில் பத்திரிகை வேலையில் காலம் கழித்தவர் அவர். விட்டுச்சென்றது இரண்டே நாவல்கள். தன்வரலாறு எழுதியிருந்தால் நமக்கு மெடான் கிடைத்திருக்கும், நாவலின் நாயகன் பாண்டியன் கிடைத்திருக்க மாட்டான்.

மதிப்பெண் நோட்டு பற்றி ஒரு வார்த்தை. ‘கருக்கில்’ இரண்டு இடங்களில் புத்தகத்தை மூடிவைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். எந்த இரண்டு இடங்கள் என்று சொல்லவே இல்லையே! பத்துக்குப் பத்து என்பதைவிட அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு ஆவல். நோட்டில் இனி அதையே எழுதிவையுங்கள், பக்க எண்ணோடு.

அடுத்து ‘சிலுவைராஜ் சரித்திரம்’ வாசியுங்கள். அதற்கு முன்னால் ‘கருக்கை’ இன்னொரு முறை வாசித்துவிட்டால் நல்லது, சின்னப் புத்தகம்தானே. சிலுவைராஜ் பிடித்துப்போனால் தொடர்ச்சியாக ‘காலச்சுமை’ இருக்கிறது. மூன்றாவதாக வந்த ‘லண்டனில் சிலுவைராஜ்’ முதல் இரண்டின் உயரத்துக்கு வரவில்லை என்பது என் அபிப்பிராயம், அதை மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். தைத்ததா இல்லையா என்று எழுதுங்கள்.

அன்புடன்.