டிஸ்பாட்சர் வேலை: காசு கட்ட முன்னம் அந்த 90 நாளைப் பற்றிக் கேளுங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு, இரண்டு சீ, ஒரு எஸ், கம்பஸ் கிடைக்கவில்லை. பைலட் படிப்புக்கு வீட்டில் வசதி இல்லை, ஆனால் விமானத்துறைதான் வேண்டும் என்று பிள்ளை நிற்கிறாள். ஒரு தனியார் நிறுவனம் ஆறு மாத ஃபிளைட் டிஸ்பாட்ச் டிப்ளோமா தருகிறதாம், இந்த மாதம் முடிய முன்னம் முற்பணம் கட்ட வேண்டுமாம். பட்டம் இல்லாமல் இந்த வேலை கிடைக்குமா, சம்பளம் எவ்வளவு வரும், நம்பிக் கட்டலாமா என்று கேட்கிறார்.

பட்டம் தேவையில்லை. சம்பளம் ஆரம்பத்தில் சாதாரணம், உரிமமும் அனுபவமும் சேரச் சேர நன்றாக ஏறும். காசை மட்டும் இப்போதைக்குக் கட்டாதீர்கள் அம்மா, அதற்கு முன் அந்த நிறுவனத்திடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது.

முதலில் வேலை என்னவென்று மகளுக்குச் சரியாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் டிஸ்பாட்சர் என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பிரித்தானியாவில் அந்தப் பெயர் பெரும்பாலும் விமானத்தின் அடியில் மஞ்சள் ஜக்கெட் போட்டு நின்று, பயணிகள், பொதிகள், சாப்பாடு, எரிபொருள் எல்லாம் நேரத்துக்கு ஏறுகிறதா என்று பார்க்கிறவருக்கு. மகள் கேட்பது அதுவல்ல என்று நினைக்கிறேன். அவள் கேட்பது அறைக்குள் மூன்று நான்கு திரைக்கு முன்னால் இருந்து ஒவ்வொரு பறப்புக்கும் பாதை, உயரம், எரிபொருள், மாற்று விமான நிலையம் என்று திட்டம் போட்டு, விமானம் இறங்கி முடியும்வரை அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும் வேலை. எங்கள் பக்கத்தில் இதை ஃபிளைட் ஒப்பரேஷன்ஸ் ஒஃபிஸர் என்றும் சொல்வார்கள். விளம்பரம் பார்க்கும்போது பெயரை விட்டுவிட்டு வேலை விவரத்தை வாசியுங்கள். அமெரிக்காவில் இந்தப் பொறுப்பு சட்டத்திலேயே இருக்கிறது: அட்டவணைப்படி பறக்கும் பெரிய பயணிகள் விமான சேவைகளில் புறப்பாட்டுக்கான அனுமதிக்குக் கப்டனும் டிஸ்பாட்சரும் சேர்ந்தே பொறுப்பு.

ஐப்பசி மாதத்துப் பின்னேரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். டுபாயிலிருந்து கட்டுநாயக்கவுக்கு ஒரு ஏ320 வர வேண்டும், நாலரை மணி நேரப் பறப்பு. கட்டுநாயக்க வானிலைச் செய்தி வருகிறது: 1130ஸெட், 24018ஜீ32, 3000, டிஎஸ்ஆர்ஏ. பார்க்கப் பூட்டின் இலக்கம் மாதிரி இருக்கும், வாசிக்கப் பழகியவருக்கு அது ஒரு படம். உலக நேரம் 11.30 என்றால் நமக்குப் பின்னேரம் 5 மணி. காற்று 240 பாகையிலிருந்து 18 நொட், இடையிடையே 32 வரை தூக்கி அடிக்கிறது, பார்வைத் தூரம் 3000 மீட்டர், இடியோடு மழை. கட்டுநாயக்கவில் ஓடுபாதை ஒன்றுதான், ஒரு பக்கம் 04, மறுபக்கம் 22. 22 என்றால் ஏறக்குறைய 220 பாகைத் திசை, அதில் இறங்கினால் காற்று ஏறக்குறைய நேர் எதிரே வரும், அது நல்லது. ஆனால் அந்த ஒற்றைப் பாதையில் ஒரு விமானம் டயர் வெடித்து நின்றாலே பின்னால் வரும் எல்லாரும் வேறு இடம் தேட வேண்டும். எங்கே? மத்தளை கிட்ட, எரிபொருள் குறைவாகப் போதும், ஆனால் அதே இடிமழை தெற்கிலும் இறங்கியிருந்தால் அங்கே நம்பி அனுப்ப முடியாது. திருவனந்தபுரம் தூரம், அதற்கு எரிபொருள் கூட வேண்டும், கூட ஏற்றினால் பாரம் கூடும், பாரம் கூடினால் அந்த எரிபொருளிலேயே ஒரு பங்கு அதைச் சுமப்பதற்கு எரியும். இவ்வளவையும் யோசித்து, பறப்புக்கு இவ்வளவு, எதிர்பாராததற்கு வழமையான 5 வீதம், மாற்று இடத்துக்கு இவ்வளவு, எல்லாம் முடிந்த பின்னும் 30 நிமிடம் சுற்றிக்கொண்டிருக்க இறுதி ஒதுக்கு என்று கூட்டிக் கப்டனுக்குக் கொடுப்பதுதான் வேலை, அதுவும் விமானம் டுபாயை விட முதலே. பிள்ளைக்கு இதை வாசிக்கும்போது கண் விரிகிறதா, கொட்டாவி வருகிறதா என்று பாருங்கள். எனக்கு இரண்டு சீ ஒரு எஸ் பெரிய விஷயமில்லை, இதுதான் விஷயம்.

2022இல் நாட்டில் எரிபொருள் இல்லாமல் போனபோது கொழும்பிலிருந்து கிளம்பிய நீண்டதூர விமானங்கள் திருவனந்தபுரத்திலும் சென்னையிலும் இறங்கி நிரப்பிக்கொண்டு போனது நினைவிருக்கும். செய்தியில் ஒரு வரிதான் வந்தது. அந்த ஒவ்வொரு இறக்கத்துக்கும் பின்னால் ஒரு புதுப் பறப்புத் திட்டம், புதுப் பாரக் கணக்கு, பணிக்குழுவின் வேலை நேரக் கணக்கு, இரவு முழுக்க விழித்திருந்த யாரோ ஒருவர் இருந்தார்கள். இந்தத் தொழிலை நான் இவ்வளவு மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, தகுதிக்கு வருவோம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் முதலாவது இணைப்பில் (அனெக்ஸ் 1) இந்த உரிமத்துக்கான அடிப்படை இருக்கிறது, நாடுகள் அதை வைத்துத்தான் தங்கள் விதியை எழுதுகின்றன. வயது குறைந்தது 21. விமானச் சட்டம், விமானம் பற்றிய பொது அறிவு, செயற்திறன் கணக்கும் பாரமேற்றலும், வானிலை, வழிகாட்டல், வானொலித் தொடர்பு என்று பாடங்கள். பட்டம் என்ற சொல்லே அதில் இல்லை. அனுபவப் பகுதியில் மூன்று வழி: விமானம் ஓட்டும் பணிக்குழு, வானிலை ஆய்வு, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்றவற்றில் இரண்டு வருடம், அல்லது டிஸ்பாட்ச் பிரிவில் உதவியாளராக ஒரு வருடம், அல்லது அங்கீகரிக்கப்பட்ட ஒரு பயிற்சி. மகளுக்குப் பொருந்துவது கடைசி இரண்டும்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது, அதைத்தான் விளம்பரப் பத்திரத்தில் யாரும் போடுவதில்லை. உரிமத்துக்கு விண்ணப்பிக்க முந்திய ஆறு மாதத்துக்குள், உரிமம் உள்ள ஒருவரின் மேற்பார்வையில் 90 வேலைநாள் செய்திருக்க வேண்டும். வகுப்பில் இருந்து செய்ய முடியாது, ஒரு விமான நிறுவனம் உள்ளே விட்டால்தான் முடியும். அந்தக் கதவு திறக்காதவர்கள் டிப்ளோமாவைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வேறு வேலை தேடுகிறார்கள், அப்படிச் சில பிள்ளைகள் என்னிடமே வந்து கதைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு முறையும் மனசு கனக்கும், ஏனென்றால் படிப்பில் ஒரு குறையும் இல்லாத பிள்ளைகள்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி: இந்த 90 நாளை என் மகள் எந்த விமான நிறுவனத்தில் செய்வாள், அதற்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறதா? பார்ப்போம், ஒழுங்கு செய்து தருவோம் என்றால் பதில் இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே, இந்தப் பயிற்சிக்குச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள், அதை அவர்களின் வாயால் மட்டும் கேட்காமல் அதிகாரசபையிடமே நேரே கேட்டு உறுதி செய்யுங்கள். நிறுவனப் பதிவு வேறு, பயிற்சி அங்கீகாரம் வேறு.

எனக்கு இன்னொரு வழி பிடிக்கும். விமான நிலையத் தரைச் சேவையிலோ, பாரக் கட்டுப்பாட்டிலோ, சின்ன விமான நிறுவனம் ஒன்றின் ஒப்பரேஷன்ஸ் பிரிவிலோ உதவியாளராக நுழைவது. சம்பளம் குறைவு, இரவு ஷிஃப்ட் இருக்கும், வெள்ளவத்தையிலிருந்து கட்டுநாயக்கவுக்குப் போய்வருவதே ஒரு களைப்பு. ஆனால் உள்ளே இருக்கிற பிள்ளையை நிறுவனம் தானே பயிற்சிக்கு அனுப்பும் வாய்ப்பு உண்டு, மேற்பார்வை நாட்களும் அந்த நிறுவனத்துக்குள்ளேயே கிடைக்கும்.

வெளிநாட்டு உரிமம் பற்றியும் கேட்பீர்கள், தெரியும், கனடாவில் சொந்தம் இல்லாத வீடு நம்மில் குறைவு. அமெரிக்க விமானத்துறை நிர்வாகமான எஃப்ஏஏயின் சான்றிதழுக்குக் குறைந்தது 200 மணி நேரப் பயிற்சி, ஒரு எழுத்துப் பரீட்சை, ஒரு செயன்முறைப் பரீட்சை. எழுத்துப் பரீட்சையை 21 வயதில் எழுதலாம், சான்றிதழ் கையில் வர 23 ஆக வேண்டும். அமெரிக்கக் குடியுரிமை கேட்பதில்லை, ஆனால் ஆங்கிலம் வாசிக்க, பேச, எழுத, விளங்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. கனடாவில் வானிலைக்கு ஒன்று, ஒப்பரேஷன்ஸுக்கு ஒன்று என இரண்டு எழுத்துப் பரீட்சை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ தனி உரிமமே கிடையாது, நிறுவனமே பயிற்றுவித்து எடுக்கும். ஒன்றை மறக்க வேண்டாம், சான்றிதழ் என்பது விசா அல்ல. அமெரிக்கச் சான்றிதழ் அங்கே வேலை செய்யும் அனுமதியைத் தராது, அதைச் சொல்லாமல் அமெரிக்கச் சம்பளத்தைக் காட்டிப் படிப்பு விற்பவர்களிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

சம்பளம். அமெரிக்காவில் சின்னப் பிராந்திய நிறுவனத்தில் தொடங்குபவருக்கு மணிக்கு 20 டொலர் சொச்சம் வரலாம், பெரிய நிறுவனங்களில் பல வருடம் இருந்த மூத்தவர்கள் ஆண்டுக்கு 1 இலட்சம் டொலரைத் தாண்டுகிறார்கள். இரண்டுக்கும் இடையில் இருப்பது வருடக்கணக்கான இரவு ஷிஃப்ட். கொழும்பில் மாதம் இவ்வளவு என்று ஒரே எண்ணைச் சொல்லி ஆள் பிடிப்பவரை நம்பாதீர்கள், பயிற்சியாளர், உதவியாளர், உரிமம் பெற்றவர், ஷிஃப்டுக்குப் பொறுப்பானவர் என்று படிக்குப் படி சம்பளம் மாறும், உரிமம் கைக்கு வரும் இடத்தில்தான் உண்மையான ஏற்றம். வேலைக் கடிதம் வந்தால் மொத்தத்தை மட்டும் பார்க்காதீர்கள். ஈபிஎஃப்பில் பிள்ளையின் 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும், ஈடிஎஃப்பின் 3 வீதமும் எந்தத் தொகையில் கணக்கிடப்படுகிறது என்று கேளுங்கள். சின்ன அடிப்படைச் சம்பளம் வைத்து மீதியை ஷிஃப்ட், போக்குவரத்து என்று கொடுப்பனவாகப் பிரித்திருந்தால் அந்த வித்தியாசம் வருடங்கள் போகப் போகப் பெரிதாகும். வளைகுடா வேலை என்றால் தனிநபர் வருமான வரி இல்லை, ஆனால் தங்குமிடம் தருகிறார்களா என்பதே கையில் மிஞ்சுவதைத் தீர்மானிக்கும், அங்கே பெரும்பாலும் உரிமத்தோடு சில வருட அனுபவமும் கேட்பார்கள், ஆகவே முதல் வேலையாக அதை நினைக்க வேண்டாம்.

மகளுக்கு ஒரு வேலை தருகிறேன், காசில்லாதது. இன்றிலிருந்து ஒரு மாதம், ஒவ்வொரு பின்னேரமும் கட்டுநாயக்க, மத்தளை, திருவனந்தபுரம் மூன்றின் வானிலைச் செய்தியையும் இணையத்தில் எடுத்துக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் தன் சொந்த வார்த்தையில் விளக்கம் எழுதட்டும். 22இல் இறங்கலாமா, மாற்று எது, ஏன் என்று இரண்டு வரி. ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் நல்லது, நேர்முகத் தேர்வில் அதுதான் பலரைக் கவிழ்க்கிறது. அந்த நிறுவனத்திடம் 90 நாள் கேள்வியை மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் வேண்டாம். பதில் வந்தால் அதையும் கொப்பியின் ஒரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துவிட்டுக் கட்டலாமா வேண்டாமா என்று சொல்கிறேன்.