சினைப்பையில் உள்ள கட்டி புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார்கள். ஊசி வைத்துச் சோதிக்காமல் நேராக ஆபரேஷனுக்குச் சம்மதிக்கலாமா?

உங்கள் அக்காவுக்கு 44 வயது, ஸ்கேனில் 8 செ.மீ. கட்டி, டாக்டர் ஆபரேஷன் என்கிறார். முதலில் ஊசியால் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வயிற்றைத் திறந்தால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று வருடம் முன்பு நானும் இதையேதான் கேட்டேன். டாக்டர் உடனே பதில் சொல்லவில்லை. என் ஸ்கேன் கவரைத் திருப்பிப் போட்டுப் பேனாவை எடுத்தார். அந்தக் கவரை இன்னும் வைத்திருக்கிறேன்.

நான் டாக்டர் இல்லை. பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். அப்போது வயது 42. வயிறு உப்பின மாதிரி இருக்கும், இரண்டு இட்லி சாப்பிட்டால் நிறைந்துவிடும், அடிக்கடி பாத்ரூம் போகவேண்டும். கேஸ் என்று நினைத்து மூன்று மாதம் ஓமத் தண்ணீர் குடித்தேன். கடைசியில் ஸ்கேன் எடுத்தால் இடது சினைப்பையில் 9 செ.மீ. கட்டி, உள்ளே பல அறைகள், ஒரு ஓரத்தில் கெட்டியான சின்னப் பகுதி. ரத்தத்தில் சி.ஏ.125 அளவு 78. சினைப்பைப் புற்றுநோய் இருந்தால் ஏறக்கூடிய ஒரு புரதம் அது. 35க்குள் இருக்கவேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா, "எனக்கும் நீர்க்கட்டி இருந்துச்சு, மாத்திரையிலயே போயிடுச்சு" என்றார். அவருக்கு இருந்தது பி.சி.ஓ.டி. நாம் அதற்கும் நீர்க்கட்டி என்கிறோம், இதற்கும் அதே பெயர். மெல்லிய சுவரோடு, உள்ளே வெறும் தண்ணீராக, 5 செ.மீ.க்குள் இருந்தால் மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு அது பெரும்பாலும் தானாகவே போய்விடும். பல அறைகளும் கெட்டிப் பகுதியும் இருந்தால் கதை வேறு. அதனால் அக்காவின் ரிப்போர்ட்டில் 8 செ.மீ. என்ற எண்ணைவிட, கட்டிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கும் வரியைப் படியுங்கள். ஸ்கேனைப் பார்த்துச் சந்தேகம் எவ்வளவு என்று சொல்ல ஓ-ராட்ஸ் என்று ஒரு எண்ணும் போட்டிருக்கலாம். எனக்கு 4. அப்படியென்றால் புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு 10 சதவீதத்துக்கு மேல், 50க்குக் கீழ். இதைக் கேட்டு நிம்மதி அடைவதா பயப்படுவதா என்றே தெரியாது.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நர்சிங் ஹோம். "மூணு சின்ன ஓட்டை போட்டு, தண்ணிய உறிஞ்சிட்டு எடுத்துடலாம். குழந்தைங்க பெத்தாச்சு இல்ல, கர்ப்பப்பையையும் சேர்த்து எடுத்துடலாம். நாளைக்கே அட்மிட் ஆகிடுங்க." ஐந்து நிமிடத்தில் பேச்சு முடிந்துவிட்டது. தெரிந்த நர்ஸ் ஒருவர்தான் தடுத்தார். இந்த மாதிரி ஸ்கேன் வந்தால் பெண்களுக்கான புற்றுநோய் அறுவை செய்யும் டாக்டரிடம் காட்டாமல் கத்தி வைக்கவிடாதே என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்குக் கோயில் கட்டலாம்.

அந்தப் புற்றுநோய் சர்ஜன்தான் கவரில் எழுதியவர். 3 × 1 × 78 = 234. ஸ்கேனில் சந்தேகக் குறிகள் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் 3. மாதவிடாய் இன்னும் வருகிறது, அதனால் 1. நின்றிருந்தால் அங்கேயும் 3 போடுவார்களாம். கடைசியில் சி.ஏ.125. பெருக்கி 200ஐத் தாண்டினால் கேன்சர் என்று அர்த்தமில்லை, கேன்சர் சர்ஜன் கையில்தான் ஆபரேஷன் நடக்கவேண்டும் என்று அர்த்தம். கணக்குப் பார்ப்பவளுக்கு இந்த மொழி புரிந்தது.

78ஐப் பார்த்துத் தூக்கம் போயிற்று என்றேன். எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு, வயிற்றுக் காசநோய், ஏன் மாதவிடாய் நாட்களில்கூட அது ஏறும் என்றார். ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அது ஏறுவதே இல்லை என்றும் சொன்னார். ஆக, அக்காவுக்கு அது கூடுதலாக இருப்பதை வைத்து அழவும் வேண்டாம், குறைவாக இருந்தால் கொண்டாடவும் வேண்டாம்.

ஊசிக்கு வருகிறேன். என் சித்தி கிருஷ்ணகிரியிலிருந்து போனில், "கத்தி பட்டா பரவிடும்டி, தொடாதே" என்றாள். சர்ஜனிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "உங்க சித்தி சொல்றது பாதி சரி. கத்தி பட்டா பரவாது. கட்டி உள்ளேயே உடைஞ்சா பரவலாம்." மார்பிலோ கழுத்திலோ வரும் கட்டியை ஊசியால் குத்திப் பார்ப்பார்கள். சினைப்பையில் மட்டும் இருக்கும் சந்தேகக் கட்டியை அப்படிக் குத்துவதில்லை. குத்தினால் உள்ளே இருக்கும் திரவம் வயிற்றுக்குள் கசியும். ஊசியில் வந்த திரவத்தில் கேன்சர் செல் இல்லை என்றாலும் நம்பமுடியாது. புற்றுநோய்க் கட்டியாகவே இருந்தாலும், முழுசாக வெளியே வந்து, ஒரு சினைப்பையோடு நின்றிருந்தால் அது 1ஏ கட்டம். எடுக்கும்போது வயிற்றுக்குள் உடைந்தால் 1சி. அந்த எழுத்து மாறுவதால் கீமோ தேவையில்லாதவருக்குக் கீமோ கொடுக்கவேண்டி வரலாம். நர்சிங் ஹோமில் 'உறிஞ்சிட்டு' என்று சொன்ன வார்த்தை அப்போதுதான் எனக்கு உறைத்தது. சின்ன ஓட்டை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபியே தப்பு என்று சொல்லவில்லை. உடையாமல் பைக்குள் போட்டு எடுக்க முடிந்தால் செய்வார்களாம். என் கட்டிக்கு மேலிருந்து கீழாக நேர்வெட்டுதான் என்று முடிவாயிற்று.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: இதில் ஆபரேஷன்தான் பயாப்ஸி.

வீட்டுக்காரருக்கு இன்னொருவரிடம் கேட்டால்தான் மனது ஆறும் என்று இருந்தது. ஓசூர் ரோட்டில் நிமான்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் கித்வாய்க்குப் போனோம். 1973இல் தொடங்கிய அரசுப் புற்றுநோய் மையம். ஓசூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று நம் ஊர்க்காரர்கள் மஞ்சப்பையில் ரிப்போர்ட்டுகளோடு வரிசையில் நிற்பார்கள். தமிழ் பேசாத ஆளைத்தான் தேடவேண்டும். அரை நாள் காத்திருந்தோம். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். அந்த அரை நாளால் எந்தக் கெடுதலும் இல்லை. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு சரியான ஆளைத் தேடலாம், ஆறு மாதம் தள்ளிப்போடக் கூடாது.

இப்போது முக்கியமான இடம். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சம்மதப் படிவம் வந்தது. இடது சினைப்பை, குழாய் நீக்கம், ஃப்ரோசன் செக்ஷன், அதற்கு அப்புறம் 'எஸ்.ஓ.எஸ்.' என்று போட்டு ஒன்றரை வரிக்கு டெக்டமி டெக்டமி என்று முடியும் வார்த்தைகள். டெக்டமி என்றால் நீக்கம். எஸ்.ஓ.எஸ். எனக்குத் தெரிந்த சொல்தான், பையனின் காய்ச்சல் மருந்துச் சீட்டில் இருக்கும். தேவைப்பட்டால் பாராசிட்டமால். இங்கே தேவைப்பட்டால் என்னுடைய கர்ப்பப்பை. யாருக்குத் தேவைப்பட்டால், அதை யார் முடிவு செய்வது, நான் மயக்கத்தில் இருக்கும்போது? சர்ஜனைக் கூப்பிடச் சொன்னேன்.

எடுத்த கட்டியை உடனே பேத்தாலஜிஸ்டுக்கு அனுப்பி, உறையவைத்துச் சீவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து அரை மணி நேரத்தில் சொல்வதுதான் ஃப்ரோசன் செக்ஷன். அதுவரை நான் மேஜையில் திறந்த வயிற்றோடு இருப்பேன். மூன்றில் ஒரு பதில் வரும்: சாதாரணம், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பார்டர்லைன், புற்றுநோய். மூன்றுக்கும் என்ன செய்வீர்கள் என்று தனித்தனியாகக் கேட்டேன். சாதாரணம் என்றால் இடது பக்கத்தோடு முடிந்தது. புற்றுநோய் என்றால் இரண்டு சினைப்பை, கர்ப்பப்பை, குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரை, நிணநீர்க் கணுக்கள்; அதில் பேச்சே இல்லை என்றார், நானும் சரி என்றேன். நடுவில் இருக்கும் பார்டர்லைனில்தான் பேச்சு நீண்டது. இன்னொரு சினைப்பையை விட்டுவைத்தால் அதில் மறுபடி வரும் வாய்ப்பு கூடும், வருடக்கணக்கில் கண்காணிக்கவேண்டும். எடுத்துவிட்டால் 42 வயதில் ஒரே நாளில் மெனோபாஸ்: உடம்பு கொதிப்பு, எலும்புத் தேய்மானம், இதயத்துக்கும் நல்லதில்லை. "இனிமே அது எதுக்கு" என்று எல்லோரும் சொன்ன உறுப்பு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. பார்டர்லைன் என்றால் வலது பக்கத்தை விட்டுவிடுங்கள், ஸ்கேனுக்கு ஒழுங்காக வருகிறேன் என்றேன். அவர் அதை மூன்று வரியாகக் கைப்பட எழுதினார். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். உங்கள் அக்கா வேறு முடிவு எடுக்கலாம், 44 வயதில் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள் என்பதும் நியாயமான முடிவுதான். ஆனால் அது அவர் விழித்திருக்கும்போது எடுத்த முடிவாக இருக்கட்டும். அந்த ஆஸ்பத்திரியில் ஃப்ரோசன் வசதி இருக்கிறதா என்றும் இப்போதே கேளுங்கள், எல்லா இடத்திலும் இருக்காது.

பணத்தைப் பற்றி ஒரு வரி: தனியாக எடுத்த பாலிசி என்றால் கட்டி, கர்ப்பப்பை நீக்கம் இரண்டுக்கும் பொதுவாக 24 மாதக் காத்திருப்பு இருக்கும். ஆஸ்பத்திரியில் சேரும் முன் பார்த்துவிடுங்கள்.

கண் விழித்ததும் வயிற்றைத் தடவினேன், ஒன்றும் தெரியவில்லை, கட்டுதான் இருந்தது. வீட்டுக்காரர் இரண்டு விரலைக் காட்டினார். எங்களுக்குள் பேசிவைத்தது: இரண்டு என்றால் பார்டர்லைன். வார்டில் நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து "கேஸ் ஹோய்தா?" என்று கன்னடத்தில் கேட்பார். கேஸ் போயிற்றா என்று அர்த்தம்; குடல் வேலை செய்ய ஆரம்பித்ததா என்று தெரியவேண்டுமாம். கேஸ் என்று மூன்று மாதம் ஏமாந்தவளுக்கு இப்படி ஒரு விசாரணை.

ஃப்ரோசன் பார்டர்லைனில் சில சமயம் தவறும், இறுதி ரிப்போர்ட்டில் மாறலாம் என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். பத்து நாள் கழித்து வந்தது. பார்டர்லைனேதான். வயிற்றைக் கழுவி எடுத்த நீரிலும் கொழுப்புத் திரையிலும் ஒன்றுமில்லை. கீமோ வேண்டாம்.

போன மாத ஸ்கேனில் வலது சினைப்பையில் 2 செ.மீ. நீர்ப்பை என்று எழுதியிருந்தது. கை நடுங்கக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சர்ஜன் என் தேதியைக் கேட்டு, விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். "இது இந்த மாச முட்டைம்மா" என்று சொல்லி அடுத்த ஸ்கேனுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.