அறுபது டோஸ் வந்தால் முதலில் யாரைக் கூப்பிடுவது?

வாசகர் கேள்வி – பதில்: பொதுச் சுகாதாரம்

கேள்வி: நான் ஊராட்சி வார்டு உறுப்பினர். 2021-இல் எங்கள் ஊருக்குக் கொரோனா தடுப்பூசி ஆறு குப்பி, அதாவது 60 டோஸ் வந்த நாளில் முந்நூறு பேர் திரண்டுவிட்டார்கள். மறுபடி அப்படியொரு காலம் வந்தால் யாருக்கு முதலில் என்று எப்படி முடிவு செய்வது?

ஆட்கள் வந்து நின்ற பிறகு முடிவு செய்யப் பார்த்தால், விடியற்காலை நான்கு மணிக்கே வந்து இடம்பிடிக்கத் தெம்புள்ளவருக்குத்தான் ஊசி கிடைக்கும். ஊசி அவசரமாகத் தேவைப்படுபவர் அவரல்ல. குப்பி வருவதற்கு முன்பே பட்டியல் தயாராக இருக்க வேண்டும்.

2021-இல் நம் நாட்டில் ஜனவரி 16 அன்று மருத்துவப் பணியாளர்களுக்குத் தொடங்கினார்கள். பிப்ரவரி 2 முதல் காவல்துறை, தூய்மைப் பணி போன்ற முன்களப் பணியாளர்கள். மார்ச் 1 முதல் 60 வயதைக் கடந்தவர்களும், இணைநோய் (ஏற்கெனவே உள்ள வேறு தீவிர நோய்) உள்ள 45–59 வயதினரும். ஏப்ரல் 1-இல் 45 வயதைத் தாண்டிய எல்லோரும், மே 1-இல் 18 வயதைத் தாண்டிய எல்லோரும் சேர்க்கப்பட்டார்கள். செவிலியரே படுத்துவிட்டால் ஊசி போட ஆளிருக்காது என்பதால் அவர் முதலில். அடுத்து, தொற்றினால் உயிர் போகும் ஆபத்து யாருக்கு அதிகமோ அவர். கொரோனாவில் அதைக் காட்டிய பெரிய அடையாளம் வயது. எல்லாத் தொற்றுக்கும் இது பொருந்தாது. 2009-இல் பரவிய பன்றிக்காய்ச்சல் கர்ப்பிணிகளைக் கடுமையாகத் தாக்கியது. அப்போது அவர்கள்தான் பட்டியலின் மேலே இருந்தார்கள். எனவே இந்த நோய் யாரைக் கொல்கிறது என்று சுகாதாரத்துறை சொல்வதைக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

வாக்காளர் பட்டியலில் வயது இருக்கிறது. 75-க்கு மேல், 60–74, 45–59 என்று மூன்று வண்ணத்தில் கோடிடுங்கள். கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டையும், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வாங்குவோர் பட்டியலையும் அதோடு ஒப்பிடுங்கள். இவை எதிலும் இல்லாதவர்களை நடந்துபோய்த்தான் சேர்க்க முடியும்: செங்கல் சூளையில் தங்கியிருக்கும் குடும்பங்கள், வடமாநிலத் தொழிலாளர்கள், ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், மயானத்தில் வேலை செய்பவர்கள். மயானப் பணியாளர் பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. அந்த வேலையில் தொற்றுக்கு எவ்வளவு அருகில் நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.

அறுபதில் பத்தை நடமாட முடியாதவர்களுக்கு ஒதுக்குங்கள். மீதி ஐம்பதுக்கு நேரம் குறித்த டோக்கனை முதல் நாளே வீட்டில் கொடுத்துவிடுங்கள். ஒரு செவிலியருக்கு மணிக்குப் பதினைந்து பேர் போதும். எந்த வயதுப் பிரிவு எப்போது என்பதை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். யாருக்கு என்ன நோய் என்பதை ஒருபோதும் ஒட்டக்கூடாது.

கேள்வி: 2021 மார்ச்சில் என் அம்மாவுக்கு 52 வயது. சர்க்கரை இருந்தும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது சரியா?

விதிப்படி சரிதான். இணைநோய் என்று 20 நிலைகளை வரையறுத்திருந்தார்கள். வெறும் சர்க்கரை அதில் இல்லை. சர்க்கரை பத்தாண்டுக்கு மேல் இருக்க வேண்டும், அல்லது அதனால் வேறு பாதிப்பு வந்திருக்க வேண்டும். கூடவே ரத்த அழுத்தத்துக்கும் சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். பதிவுபெற்ற மருத்துவரின் சான்றும் தேவைப்பட்டது.

இதில் ஒரு அநியாயம் இருந்தது என்பதே எங்கள் கருத்து. வழக்கமாகப் போகும் மருத்துவர் உள்ளவருக்குச் சான்று எளிது. சர்க்கரை இருப்பதையே கண்டுபிடிக்காத கூலித்தொழிலாளிக்கு எங்கே கிடைக்கும்? ஒரு மாதத்தில் இந்த நிபந்தனையே நீங்கி, 45 வயது ஆனாலே போதும் என்றானது. ஊர் அளவில் முடிவு உங்கள் கையில் இருந்தால், வயதை முதல் அளவுகோலாக வையுங்கள். டயாலிசிஸ், புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று போன்ற சிலவற்றுக்கு மட்டும் வயது பார்க்காமல் இடம் கொடுங்கள்.

கேள்வி: படுத்த படுக்கையாய் இருக்கும் பத்துப் பேருக்கு ஒரே நாளில் வீடு வீடாகப் போட முடியுமா?

கணக்குப் போட்டால் இடிக்கும். 2021-இல் போட்ட கோவிஷீல்டு தடுப்பூசிக் குப்பியில் பத்து டோஸ். திறந்தால் நான்கு மணி நேரத்தில் முடிக்க வேண்டும். அதாவது 240 நிமிடத்தில் பத்து வீடு, வீட்டுக்கு 24 நிமிடம். ஊசி போட்ட பின் கண்காணிக்கவே 30 நிமிடம் வேண்டும்! அவசரத்தில் இந்த அரை மணியைக் குறைப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ஒரு குப்பிக்கு நான்கு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கையில் இருப்பவரோடு, அவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் மகளுக்கோ மருமகளுக்கோ சேர்த்துப் போட்டால் வீட்டுக்கு இரண்டு மூன்று டோஸ் செலவாகும், பத்தும் தீரும். நோய் அந்த அறைக்குள் நுழைவதே அவர்கள் வழியாகத்தான். ஆகவே இது சலுகை ஆகாது. ஆதார் இல்லை என்று யாரையும் விடாதீர்கள். அடையாள அட்டை இல்லாதவர்களுக்கும் போட 2021 மே மாதமே வழிமுறை வந்துவிட்டது.

குளிர்பெட்டியில் வைக்கும் ஐஸ் பேக்கைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுக்க வேண்டும். கல்லாக உறைந்ததை அப்படியே வைத்தால் மருந்தும் உறைந்து வீணாகும். தேவையான வெப்பநிலை 2 முதல் 8 டிகிரி.

கேள்வி: மாலையில் குப்பியில் மூன்று டோஸ் மிஞ்சினால்?

அடுத்த வயதுப் பிரிவிலிருந்து, பத்து நிமிடத்தில் வந்துசேரக்கூடிய பத்துப் பேரின் தொலைபேசி எண்ணைக் காலையிலேயே எழுதி வையுங்கள். மேலிருந்து கீழாக அழையுங்கள். இந்தத் தாள் இல்லாத இடத்தில்தான் மிஞ்சியது தலைவரின் உறவினருக்குப் போகிறது.

இரண்டு குப்பிகளின் மிச்சத்தை ஒன்றுசேர்த்து ஒரு டோஸ் ஆக்கக்கூடாது. ஆனால் ஒரே குப்பியில் பதினோராவது டோஸுக்கும் முழு 0.5 மில்லி வந்தால் தாராளமாகப் போடலாம். கேரளம் 2021 மே தொடக்கம்வரை பெற்ற 73,38,806 டோஸைக் கொண்டு 74,26,164 டோஸ் போட்டது இப்படித்தான்.

மாலை நான்கு மணிக்கு எண்பது வயதுப் பாட்டி ஒருவர் இரண்டு பேருந்து மாறி வந்து நின்றால், பத்துப் பேர் சேரட்டும், நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பாதீர்கள். புதுக் குப்பியைத் திறந்து அவருக்குப் போட்டுவிட்டு, அந்தத் தாளில் உள்ளவர்களை அழையுங்கள்.