கண்ணாடிக்குக் கை செய்த பையன்

அம்மா, அடுத்து என்ன படிக்கவைக்கலாம் என்று கேட்க நேற்று உங்கள் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, "வெளியே வரும்போதாவது அந்தக் கண்ணாடியை மாற்றக்கூடாதா" என்று வாசலிலேயே கடிந்துகொண்டீர்கள். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த கைக்குப் பதிலாக மூங்கிலைச் சீவி, சூட்டில் வளைத்து, காதை உறுத்தாமலிருக்க நுனியில் நூல் சுற்றியிருந்தான். வகுப்பில் சிரிக்க மாட்டார்களா என்று கேட்டேன். "சிரிப்பாங்க சார். பழசு வலிச்சுது, இது வலிக்கல" என்றான். அசடு வழியவில்லை, முறைக்கவும் இல்லை. அந்த வயதில் எனக்கு இந்தத் தெம்பு கிடையாது.

அவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று தேற்றி அனுப்பியிருப்பேன். ஆனால் வீட்டை அடமானம் வைத்து மருத்துவ சீட் வாங்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. படிப்பு முடிந்தாலும் மேற்படிப்பு பாக்கி இருக்கும். வட்டி அதுவரை காத்திருக்காது. அதைவிட முக்கியம், வேண்டாம் என்று உங்கள் முன்னாலேயே இரண்டு தரம் சொன்னான். பெரியப்பா மகள் டாக்டர் என்றால் அது அவளுடைய கதை.

இன்ஜினியரிங், கம்ப்யூட்டர் பற்றியெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்: புராஸ்தெட்டிக்ஸ், ஆர்த்தோட்டிக்ஸ். செயற்கைக் கை கால்களும், காலுக்குக் காலிப்பர், முதுகுப் பட்டை போன்ற தாங்கிகளும் செய்து பொருத்தும் படிப்பு.

முழங்காலுக்குக் கீழே காலை இழந்த ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். மிச்சமிருக்கும் காலில் மாவுக்கட்டு சுற்றி அச்செடுப்பார்கள். அந்த அச்சில் மாவை ஊற்றினால் காலின் நகல் கிடைக்கும். அப்புறம்தான் கைவேலை. எலும்பு துருத்தும் இடத்தில் மாவைக் கூட்டுவார்கள், அங்கே பாரம் படக்கூடாது. முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநார் பாரம் தாங்கும் என்பதால் அங்கே கொஞ்சம் சீவுவார்கள். அதன்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டைப் போர்த்தி, காற்றை உறிஞ்சி ஒட்டவைத்தால், மிச்சமிருக்கும் கால் நுழைகிற கூடு, அதாவது சாக்கெட், தயார். அளவு சற்றுத் தப்பினாலும் புண் வரும். முதல் சில மாதங்களில் அந்தக் கால் சுருங்கும், குழந்தையென்றால் வளரும். திரும்பத் திரும்ப அளவெடுக்க வேண்டும். இப்போது ஸ்கேனரும் முப்பரிமாண அச்சும் வந்துவிட்டன. ஆனாலும் எங்கே வலிக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கிறவர் தேவைப்படுகிறார். வலிக்காத கண்ணாடிக் கையைச் செய்தவனுக்கு இதை நான் விளக்க வேண்டியிருக்காது. 1968-ல் ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் உருவானபோது டாக்டர் பி.கே. சேத்தியோடு சேர்ந்து அதைச் செய்தவர் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞர்தான்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கற்றுத்தரும் கல்லூரிகள் குறைவு, ஆரம்பச் சம்பளம் உறவினர் வாயை அடைக்காது. உடற்கூறியல் படித்தே ஆக வேண்டும். சேருமுன் அந்தப் படிப்புக்கு அரசு அங்கீகாரம் உண்டா என்று பாருங்கள். பட்டம் முடித்தவர் தொழில் செய்யப் பதிவு கிடைக்குமா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், எவ்வளவு பெரிய கட்டடமாக இருந்தாலும் ஒரு பைசா கட்டாதீர்கள்.

இவையெல்லாம் பிறகு. முதலில், செயற்கைக் கால் பொருத்தும் பிரிவு உள்ள மருத்துவமனை ஒன்றில் அனுமதி வாங்கி, இரண்டு நாள் அவனைப் பட்டறையில் உட்காரவிடுங்கள். பிடிக்கவில்லை என்று அவன் சொன்னால் அதையும் கேட்டுக்கொள்வோம், வேறு பார்ப்போம். பெரியப்பா போன் செய்தால் அவனிடமே கொடுங்கள், அவன் பேசிக்கொள்வான்.