"சாங்க்தோரும் மெரிதிஸ்" பாடலை எங்கே நிறுத்திப் பாட வேண்டும்?

மறைசாட்சிகள் (கிறிஸ்தவ நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்கள்) பலருக்கான விழாவில் மாலை வழிபாட்டில் பாடும் லத்தீன் பாடல் இது. ஒவ்வொரு பத்தியிலும் முதல் மூன்று அடிகளுக்கு 12 அசை, கடைசி அடிக்கு 8. நீள அடியில் ஆறாம் அசை முடிந்ததும் லேசாக நிறுத்துங்கள்: "சாங்க்தோரும் மெரிதிஸ் / இன்க்லிதா கௌதியா". அங்கே மூச்சு வாங்கினால் அடி இரண்டாக உடையும். மூச்சு அடி முடிவில்தான்.

கடைசிப் பத்தியில் கவனம் தேவை. பழைய பாடம் "தே த்ரீனா தேயிதாஸ்", அதாவது மும்மையான தெய்வீகம். மூன்று கடவுள்கள் என்று பொருள்படும் என 9ஆம் நூற்றாண்டில் ரெய்ம்ஸ் பேராயர் ஹிங்க்மர் அதைத் தடைசெய்தார். துறவி கோட்ஷால்க் அந்தத் தடையை விடாமல் எதிர்த்தார். திருத்தந்தை எட்டாம் உர்பன் காலத் திருத்தத்தில் "தே சும்மா ஓ தேயிதாஸ்" என்றிருக்கும். அதில் "சும்மா ஓ" இரண்டையும் "சும்மோ" எனச் சேர்த்துப் பாடாவிட்டால் ஓர் அசை கூடிவிடும்.